செம்பிக்கு முதலில் வேண்டியது கதகதப்பு

வாசகியின் கேள்வி:

எங்கள் வீட்டில் மூன்று பெட்டைக்கோழிகள். மூத்தது செம்பி, நான்கு வயது. குஞ்சிலிருந்தே என் ஒன்பது வயது மகளின் கையில் வளர்ந்தது. இரண்டு வாரத்துக்கு முன், ஓடு கெட்டிப்படாத தோல்முட்டை இரண்டு இட்டது. அதற்குப் பிறகு முட்டையே இல்லை. ஐந்து நாளாகத் தீனி எடுக்கவில்லை. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, வாலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, மூலையில் கண்ணை மூடியபடி நிற்கிறது. வயிறு கீழே இறங்கிவிட்டது. எச்சம் பச்சையாக, தண்ணீர் மாதிரி போகிறது. கொண்டையும் கறுத்துவருகிறது. பட்டினி கிடக்கிறதே என்று வாயைப் பிளந்து கஞ்சி ஊற்றினேன், பாதி மூக்கு வழியாக வந்துவிட்டது. வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கரைத்துக் கொடுக்கலாமா? "ஒரு கோழிக்கா இவ்வளவு?" என்று பார்ப்பவர்கள் கேட்கிறார்கள். மகளோ "செம்பி செத்துடுமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நான் முன்பே கவனித்திருக்க வேண்டுமோ என்று உறுத்துகிறது. என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கஞ்சி ஊற்றுவதை இந்த நிமிடமே நிறுத்திவிடுங்கள். மாத்திரையும் வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். இப்போது ஓர் அட்டைப்பெட்டியில் உலர்ந்த பழைய துணியை விரித்து, காற்று நேராக அடிக்காத, சத்தமில்லாத இடத்தில் செம்பியை வையுங்கள். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் நன்றாகச் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். மறுபக்கம் காலியாக இருக்கட்டும். சூடு தாங்கவில்லை என்றால் அது நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். இதைச் செய்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

கோழியின் உடல் சூடு நம்முடையதைவிட அதிகம். 41 டிகிரி செல்சியஸ் என்றால் நமக்குக் கடும் காய்ச்சல், அதற்கோ அது அன்றாடச் சூடு. ஐந்து நாள் தின்னாத கோழி, உடம்பில் ஒட்டியிருக்கும் கொஞ்சநஞ்ச சக்தியை அந்தச் சூட்டைக் காப்பாற்றுவதற்கே எரித்துக்கொண்டிருக்கிறது. இறகைச் சிலிர்த்து நிற்பது அதனால்தான். இறகுகளுக்கு நடுவே காற்றைப் பிடித்துவைத்துப் போர்வையாக்கிக்கொள்ளப் பார்க்கிறது. அந்த வேலையை நாம் வாங்கிக்கொண்டால், மிஞ்சும் சக்தி நோயோடு போராட உதவும். பெட்டிக்குள் 28 முதல் 30 டிகிரி இருந்தால் போதும். வெப்பமானி இல்லாவிட்டால் கோழியைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். அலகைத் திறந்து மூச்சுவாங்கி, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்தால் சூடு அதிகம். பாட்டிலோடு ஒட்டிக்கொண்டு சிலிர்த்தபடியே இருந்தால் சூடு போதவில்லை. மின்விளக்கைத் தலைக்கு நேரே தாழ்வாகத் தொங்கவிடாதீர்கள். சோர்ந்த கோழியால் விலகிப் போக முடியாது, துணியிலும் தீப்பிடிக்கலாம்.

இனி கஞ்சி விஷயம். உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. கோழி வளர்க்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் மற்ற இரண்டு கோழிகளில் சாதுவான ஒன்றைப் பிடித்து, நல்ல வெளிச்சத்தில் அலகை மெல்லத் திறந்து பாருங்கள். அம்பு முனை மாதிரி ஒரு நாக்கு இருக்கும். அதன் வேருக்குச் சற்றுப் பின்னால், சரியாக நடுவில், நீளவாக்கில் ஒரு சின்னப் பிளவு தெரியும். கண்ணை எடுக்காமல் பாருங்கள். மூச்சுக்கு மூச்சு அது திறக்கும், மூடும். அதுதான் மூச்சுக்குழலின் வாய். நமக்கு விழுங்கும்போது மூச்சுக்குழலை மூடிக்கொள்ள ஒரு மூடி இருக்கிறது. கோழிக்கு அது கிடையாது. மேல் அண்ணத்திலும் மூக்கோடு சேரும் ஒரு பிளவு உண்டு. உங்கள் கஞ்சி மூக்கு வழியாக வந்தது அதன் வழியேதான். அலகைப் பிளந்து ஊற்றும்போது கோழியால் விழுங்கிச் சமாளிக்க முடியாத அளவு உள்ளே போனால், அது நேரே நுரையீரலில் இறங்கிவிடும். நோயால் சாகாமல், அன்பாக ஊட்டியதால் செத்துப்போன கோழிகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. ஒரு பெரியவர் தன் கோழியை மடியில் வைத்துக்கொண்டே வந்தார். "வழியெல்லாம் ஊட்டிக்கிட்டேதான் வந்தேன் டாக்டர்" என்றார். நான் தொட்டுப் பார்த்தபோது உயிர் இல்லை. இறந்த பின் அதைத் திறந்து பார்த்தால் மூச்சுக்குழல் நிறைய மாவு. வயிற்றில் இருந்த கோளாறு மருந்துக்குக் கேட்கக்கூடியதுதான். அவரிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றது இன்றும் மறக்கவில்லை.

அதனால் செம்பியின் மூச்சை இன்று கவனமாகக் கேளுங்கள். உங்கள் காதை அதன் முதுகோடு சேர்த்துவையுங்கள். களகளவென்ற சத்தமோ, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடுவதோ, அலகைத் திறந்து மூச்சிழுப்பதோ இருந்தால் நாளைவரை காத்திருக்காதீர்கள்.

தூக்கும் முறையும் முக்கியம். மூச்சிழுக்க உதவும் உதரவிதானம் என்ற தசை நமக்கு உண்டு, கோழிக்கு இல்லை. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் நுரையீரலோடு சேர்ந்த காற்றுப்பைகளுக்குள் காற்று போய்வரும். நெஞ்சை இறுக்கிப் பிடித்தால் மூச்சு நின்றுவிடும். செம்பியைப் போல வயிறு இறங்கி, உள்ளே நீர் கோத்திருக்கக்கூடிய கோழியை மல்லாக்கத் திருப்பிப் பார்க்கவே கூடாது. உள்ளே இருக்கும் நீர் முழுதும் காற்றுப்பைகளை அழுத்தும். நிமிர்ந்த நிலையிலேயே, ஒரு கையை அடியில் தாங்கலாகக் கொடுத்து, இன்னொரு கையால் இறக்கைகளைத் தளர அணைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் ஒரு மணி நேரம் கதகதப்பாக இருந்த பிறகு தண்ணீர் கொடுக்கலாம். ஆழமில்லாத கிண்ணத்தில் வெதுவெதுப்பான நீரை வைத்து, அலகின் நுனி மட்டும் படும்படி காட்டுங்கள். பெரும்பாலான கோழிகள் தாமாகவே தலையை நிமிர்த்தி விழுங்கும். குடிக்காவிட்டால், ஊசியில்லாத சிரிஞ்சால் அலகின் பக்கவாட்டு விளிம்பில் ஒரு சொட்டு வையுங்கள். நாக்கை அசைத்து விழுங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகு அடுத்த சொட்டு. இருபது சொட்டுக்குப் பத்து நிமிடம் ஆனாலும் ஆகட்டும். பறவைகளுக்கான எலக்ட்ரோலைட் பொடி இருந்தால், பொட்டலத்தில் சொல்லியிருக்கும் அளவில் கலந்துகொள்ளுங்கள். பால் வேண்டாம். கோழிக்குப் பால் சர்க்கரை செரிக்காது, ஏற்கெனவே இளகிய எச்சம் இன்னும் கெட்டுப்போகும்.

தீனி கடைசியில்தான். கழுத்தடியில், சற்று வலப்பக்கமாக இருக்கும் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்துபோன, நீர் வற்றிய உடம்பில் அந்தப் பை அசையாது. போட்டது போட்டபடி கிடந்து புளிக்கும். பை கல் மாதிரி கெட்டியாகவோ, தண்ணீர்ப் பலூன் மாதிரி தளதளவென்றோ இருந்து, வாயில் புளித்த வாடை வந்தால் அது தனிப் பிரச்சினை. தலைகீழாகப் பிடித்து அதை வெளியேற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள், அதுவும் மூச்சுக்குழலுக்குள்தான் போகும். பை காலியாக, மெத்தென்று இருந்தால், அது வழக்கமாகத் தின்னும் தீவனத்தையே வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கி முன்னால் வையுங்கள். விரல்நுனியால் தரையில் தட்டிக் காட்டுங்கள். தாய்க்கோழி குஞ்சுக்குச் செய்வது அதுதான். உங்கள் மகள் தட்டினால் இன்னும் நல்லது, அந்தக் கையைச் செம்பிக்குத் தெரியும். அப்படியும் தின்னாவிட்டால் குழாய் வைத்து ஊட்ட வேண்டும். அதைப் பழகிய ஒருவர் நேரில் செய்து காட்டிய பிறகுதான் வீட்டில் முயல வேண்டும்.

இனி நோய்க்கு வருவோம். நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் வரிசை எனக்கு மிகவும் பழக்கமான வரிசை: நான்கு வயதுப் பெட்டை, முதலில் தோல்முட்டை, பிறகு முட்டையே இல்லை, வால் தொங்கல், வயிறு இறங்கல். முட்டைக்குழாயில் தொடங்கும் கோளாறு பெரும்பாலும் இப்படித்தான் வரும்.

ஒரு முட்டை உருவாக ஒரு நாளும் அதற்குக் கொஞ்சம் மேலும், 24 முதல் 26 மணி நேரம், ஆகிறது. சினைப்பையிலிருந்து கழன்றுவரும் மஞ்சள்கருவை முட்டைக்குழாயின் புனல் போன்ற வாய் பிடித்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகுதான் வெள்ளைக்கரு, சவ்வு, ஓடு எல்லாம். ஓடு படிவதற்கு மட்டும் ஏறத்தாழ 20 மணி நேரம். குழாய் பழுதுபட்டு, புனல் வாய் மஞ்சள்கருவைப் பிடிக்கத் தவறினால், அது வயிற்றறைக்குள் விழுந்துவிடும். ஒன்றிரண்டு விழுந்தால் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். திரும்பத் திரும்ப விழுந்து, குடலில் வாழும் ஈ. கோலை போன்ற கிருமிகளும் சேர்ந்துகொண்டால் வயிற்றறை முழுக்க அழற்சி பரவும், நீர் கோக்கும். வயிறு தொங்குவது அந்த நீரால். அது காற்றுப்பைகளை நெருக்குவதால் மூச்சு போதாமல் கொண்டை கறுக்கும். எச்சத்தின் பச்சை நிறம் பித்தத்துடையது. குடலில் தீனி இல்லாமல் பித்தம் மட்டும் போகிறது என்று அர்த்தம்.

நீங்கள் வளர்த்ததில் குறை இருந்து வந்த நோய் இல்லை இது. கோழிகளின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழி ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டைதான் இடும், குஞ்சு பொரிக்கத் தேவையான அளவுக்கு. மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில், முட்டைக்கென்றே உள்ள இனங்கள் இன்று ஆண்டுக்கு 300 இடுகின்றன. இத்தனைக்கும் பெரும்பாலான பெட்டைகளுக்கு இடப்பக்கச் சினைப்பையும் முட்டைக்குழாயும் மட்டுமே வளர்ந்து வேலை செய்கின்றன. ஒவ்வோர் ஓட்டுக்கும் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். தீனியில் போதாவிட்டால் எலும்பிலிருந்து எடுத்துக்கொடுக்கும். சினைப்பைப் புற்றுநோயும் கோழிகளுக்குத் தானாகவே வருகிறது. பெண்களுக்கு வரும் அதே புற்றுநோயை ஆராய்பவர்கள் முட்டைக்கோழியை வைத்து ஆராய்வது அதனால்தான். இரண்டு வயதைத் தாண்டிய வீட்டுப் பெட்டை உடம்பு சரியில்லாமல் என்னிடம் வந்தால், நான் முதலில் சந்தேகப்படுவது முட்டை உறுப்புகளைத்தான்.

இதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய ஒன்று முட்டை சிக்கிக்கொள்வது. அதிலும் கோழி வாலைத் தொங்கப்போட்டு, உடம்பைச் செங்குத்தாக நிமிர்த்தி நிற்கும். ஆனால் அது முக்கிக்கொண்டே இருக்கும், முட்டைக்கூட்டுக்குள் போய்ப் போய் வரும். எச்சத்துவாரத்துக்குக் கீழே, இரண்டு இடுப்பெலும்புகளுக்கு நடுவே மெல்லத் தொட்டால் முட்டை கெட்டியாகத் தட்டுப்படும். அப்படி இருந்தால் வெதுவெதுப்பான நீரில் அடிப்பாகம் மூழ்க இருபது நிமிடம் உட்காரவைத்து, துவட்டி, இருட்டான கதகதப்பான இடத்தில் விடலாம். முட்டையை அமுக்கி உடைத்துவிடக் கூடாது. ஓட்டுத் துண்டு குழாயைக் கிழித்துவிடும். ஒரு நாளுக்குள் வரவில்லை என்றால் அவசரமாக மருத்துவரிடம் போக வேண்டும். செம்பிக்கு இரண்டு வாரமாக மெல்ல மெல்ல வந்திருப்பதைப் பார்த்தால் இதற்கு வாய்ப்புக் குறைவு. இருந்தாலும் தொட்டுப் பார்த்துவிடுங்கள். கெட்டியாக இல்லாமல், தண்ணீர் நிரப்பிய பை மாதிரி விரலுக்கு அலைந்து கொடுத்தால் நீர் என்றே வைத்துக்கொள்ளலாம். அழுத்த வேண்டாம், விரல் படுவதே போதும்.

மற்ற இரண்டு கோழிகளை நான் மறக்கவில்லை. அவை நன்றாகத் தின்று, கிளறி, மண்குளியல் போட்டுக்கொண்டு இருந்தால் தொற்றுநோய் சந்தேகம் குறைகிறது. வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்லும் ராணிக்கெட் நோயிலும் எச்சம் பச்சையாகப் போகும். ஆனால் அது ஒன்றோடு நிற்காது. கழுத்துத் திருகல், கால் இறக்கை முடக்கம் எல்லாம் அடுத்தடுத்து வரும். வந்த பிறகு அதற்கு மருந்தில்லை, முன்கூட்டிப் போடும் தடுப்பூசிதான். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே நீட்டிப் படுத்துவிடும் இளங்கோழி என்றால் மாரெக் நோயாக இருக்கலாம். 1907-ல் அதை முதலில் விவரித்த ஹங்கேரி நாட்டுக் கால்நடை மருத்துவரின் பெயர் அது. இவை இரண்டும் செம்பியின் கதையோடு பொருந்தவில்லை. ஆனால் இனி ஒன்றிரண்டு நாளில் இன்னொரு கோழியும் சுருண்டாலோ, திடீரென்று ஒன்று செத்தாலோ, வீட்டில் வைத்துப் பார்க்காமல் கால்நடைத் துறைக்கு உடனே தகவல் கொடுங்கள். பறவைக் காய்ச்சல் இல்லை என்று உறுதியாகும் வரை செத்த கோழியை வெறும் கையால் தொடக் கூடாது. இப்போதும் செம்பியைத் தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். மகள் அதை முத்தமிடுவது, முகத்தோடு முகம் வைப்பது மட்டும் வேண்டாம். நலமாகத் தெரியும் கோழியிடமும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம்.

மாத்திரை ஏன் வேண்டாம் என்கிறேன்? கிருமி என்னவென்று தெரியாமல், எடைக்கு எவ்வளவு என்று தெரியாமல், மிச்சமிருக்கும் நாலு மாத்திரையைக் கொடுத்தால் கிருமி சாகாது, பழகிக்கொள்ளும். பிறகு நாங்கள் கொடுக்கும் மருந்துக்கும் அடங்காது. மனிதர்களுக்கான சில மருந்துகள் பறவையின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும், வலி மாத்திரைகளில் இந்த ஆபத்து அதிகம். மருந்து முட்டையிலும் இறங்கும். மருத்துவர் எழுதிக் கொடுக்கும் மருந்துக்குக்கூட, எத்தனை நாள் முட்டையை யாரும் தின்னக் கூடாது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

மருத்துவரிடம் நாளைக்கே போய்விடுங்கள். போவதற்கு முன், பறவைகளைப் பார்ப்பாரா என்று போனில் கேளுங்கள். எல்லாக் கால்நடை மருத்துவர்களுக்கும் வீட்டுக்கோழியைத் தனி உயிராக வைத்துப் பார்த்துப் பழக்கம் இருக்காது. அதில் அவர்கள் குற்றம் ஒன்றுமில்லை. எங்கள் படிப்பில் கோழி என்றால் பெரும்பாலும் ஆயிரக்கணக்கில் வளர்க்கும் பண்ணைதான். பழகியவர் யார் என்று அவரையே கேட்டால் சொல்லிவிடுவார். அன்றைய எச்சத்தை ஒரு டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். என்ன தீவனம், கடைசி முட்டை எப்போது, ஊற்றிய கஞ்சி, இருமல் இருந்தால் அது எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கஞ்சியை மறைக்காதீர்கள்.

அங்கே ஸ்கேன் அல்லது எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். மெல்லிய ஊசியால் வயிற்று நீரைக் கொஞ்சம் எடுத்துப் பார்ப்பார்கள். கலங்கலாக, மஞ்சளாக, மஞ்சள்கருத் துணுக்கோடு வந்தால் நான் சொன்ன நோய் என்று கிட்டத்தட்ட உறுதி. வைக்கோல் நிறத்தில் தெளிவாக வந்தால் கட்டி, ஈரல், இதயம் என்று வேறு பக்கம் தேட வேண்டும். மூச்சுத்திணறல் அதிகமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் நீரை வடிப்பார்கள். அன்று மாலையே கோழி தலையை நிமிர்த்தி நாலு வாய் தின்னும், நமக்கெல்லாம் நம்பிக்கை வந்துவிடும். அதனால்தான் இப்போதே சொல்லிவைக்கிறேன்: வடிப்பதில் மூச்சுக்கு நிம்மதி கிடைக்கும், நோய் அங்கேயேதான் இருக்கும். சில நாளிலோ சில வாரத்திலோ நீர் மறுபடி கோத்துக்கொள்ளும். மொத்தமாக ஒரே தடவையில் எடுத்தால் ரத்த ஓட்டம் தடுமாறி அங்கேயே சரிந்துவிடும். எனவே வீட்டில் யாரும் ஊசி குத்திப் பார்க்க வேண்டாம். கூடவே ஆன்டிபயாடிக், வலி மருந்து கொடுப்பார்கள். முட்டையிடுவதைச் சில மாதம் நிறுத்திவைக்கும் ஹார்மோன் மருந்துத் துண்டு ஒன்றும் இருக்கிறது, தோலுக்கடியில் வைப்பார்கள். அது கிடைக்குமா, விதிப்படி கோழிக்கு வைக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஆரம்பத்தில் பிடித்த கோழிகள் இதனால் நல்லபடியாக நாளைக் கழித்திருக்கின்றன. ஐந்து நாள் தின்னாமல், கொண்டை கறுத்த நிலையில் வரும் கோழிக்கு வாய்ப்பு குறைவு. உங்களிடம் இதை மழுப்பிச் சொல்ல எனக்கு மனமில்லை.

வீட்டில் கவனிக்கும் நாட்களில் மூன்று விஷயங்களை விடாமல் பாருங்கள். காலையில் தீனி வைப்பதற்கு முன் தீனிப்பை காலியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது ஒன்று. சமையலறைத் தராசில், தினமும் அதே நேரத்தில் எடை போட்டுக் குறித்துவைப்பது இன்னொன்று. வயிற்றில் நீர் கூடிக்கொண்டே போகும் கோழிக்கு எடை ஏறுவதுபோலத் தெரியும், ஏமாந்துவிடாதீர்கள். நெஞ்செலும்பின் இரண்டு பக்கமும் தடவுங்கள். சதை வற்றி, எலும்பு கத்தி விளிம்பு போலத் துருத்திக்கொண்டிருந்தால் உடம்பு கரைந்துகொண்டிருக்கிறது. மூன்றாவது பின்பக்கம். இறகில் எச்சம் ஒட்டிக் காய்ந்தால் ஈ முட்டையிடும். ஒரு நாளுக்குள் புழு வைத்துவிடும், உயிரோடு இருக்கும் சதையையே தின்னும். நான் பார்த்த வேதனைகளில் கொடியது அது. வெதுவெதுப்பான நீரில் கழுவி, துவட்டி, நன்றாகக் காயவைத்துவிட்டுத்தான் பெட்டியில் விட வேண்டும். கழுவும்போதே இறக்கைக்கு அடியில் பேன், செள்ளு இருக்கிறதா என்றும் பாருங்கள். அலகால் இறகு கோத முடியாத கோழியில் அவை பெருகிவிடும்.

பெட்டியை மற்ற இரண்டின் குரல் கேட்கும் தூரத்தில் வையுங்கள். கோழி தனிமையில் இன்னும் சோர்ந்துபோகும். ஆனால் ஒன்றாக விட்டுவிடாதீர்கள். 1920களின் தொடக்கத்தில் நார்வே நாட்டு விலங்கியலாளர் தோர்லெய்ஃப் ஷெல்டெரப்-எப்பே, கோழிக்கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை இருப்பதை எழுதிவைத்தார். நலிந்த கோழி அந்த வரிசையில் ஒரே நாளில் அடிமட்டத்துக்குப் போய்விடும். நேற்றுவரை ஒதுங்கிப்போனவையே கொத்தும். செம்பி தேறினால், முதலில் நடுவில் கம்பிவலை வைத்து ஒன்றையொன்று பார்க்க விட்டு, பிறகு இருட்டிய நேரத்தில் பக்கத்தில் அடையவிடுங்கள்.

"முன்பே கவனித்திருக்க வேண்டுமோ" என்று கேட்டிருந்தீர்கள். நோயைக் காட்டிக்கொள்ளும் கோழியைக் காட்டில் முதலில் பிடிப்பது வேட்டை விலங்குதான். அதனால் நிற்க முடியும்வரை நின்று, தின்பது போலக் கொத்திக் காட்டி, கூட்டத்தோடு ஓடிக்கொண்டேதான் இருக்கும். நமக்குத் தெரியும்படி சுருண்டு நிற்கிறது என்றால், மறைக்கக்கூடத் தெம்பில்லாமல் போய்விட்டது என்று பொருள். தோல்முட்டை ஓர் அறிகுறிதான். ஆனால் தோல்முட்டை இட்ட எத்தனையோ கோழிகள் அடுத்த வாரமே நல்ல முட்டை இட்டிருக்கின்றன. நானே பார்த்திருந்தாலும் அன்றைக்குக் கால்சியம்தான் சொல்லியிருப்பேன். மற்ற இரண்டுக்கும் இனித் தோல்முட்டை திரும்பத் திரும்ப வந்தால் காட்டிவிடுங்கள். உடைத்த கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் எப்போதும் வைத்திருங்கள், வேண்டியதை அவையே எடுத்துக்கொள்ளும். மாலையில் கூட்டில் விளக்குப் போடும் வழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். வெளிச்சம் நீண்டால் முட்டையும் கூடும், அந்தக் குழாய்க்கு ஓய்வே இருக்காது.

"ஒரு கோழிக்கா இவ்வளவு?" என்பவர்களுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. நான்கு வருடம் உங்கள் மகளின் காலடிச் சத்தம் கேட்டு ஓடிவந்த உயிர் அது. ஆட்களின் முகம் கோழிக்குத் தெரியும், தன் ஆளின் குரலும் தெரியும். அதன் வலியும் வலிதான். என்னிடம் கோழியைக் கொண்டுவருபவர்களில் பாதிப் பேர், "சின்ன விஷயத்துக்கு வந்துட்டோம்" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டேதான் உள்ளே நுழைகிறார்கள். உட்காரச் சொல்லி, முதலில் கோழியின் பெயரைத்தான் கேட்பேன்.

கடினமான பகுதிக்கு வருகிறேன். ஒரு நாட்காட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் மாலை நீங்களும் மகளும் சேர்ந்து பாருங்கள். இன்று தானாகத் தின்றதா? எழுந்து நின்றதா? இறகு கோதியதா? மகள் வந்தபோது கண்ணைத் திறந்து பார்த்ததா? ஆம் என்பது அதிகமென்றால் நல்ல நாள் என்று ஒரு குறி, இல்லையென்றால் வேறொரு குறி. நீர் வடித்து மருந்து தொடங்கிய பிறகும் தொடர்ந்து மூன்று நாள் கெட்ட குறியே விழுந்தால், அல்லது படுத்தபடியே வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தால், இனி நாம் செய்வதெல்லாம் வேதனையை நீட்டுவதுதான். அப்போது மருத்துவரிடம் கருணைமுடிவு கேளுங்கள். முதலில் மயக்கிவிட்டு, பிறகு ஊசி போடுவார். கோழிக்குத் தெரிவது தூக்கம் வருவது மட்டும்தான். பெட்டியோடு, அதே துணியோடு கொண்டுபோங்கள். நீங்கள் கையில் வைத்துக்கொண்டிருக்கலாம். வீட்டில் தானாகப் போகட்டும் என்று விடுவது எளிதாகத் தோன்றும். இந்த நோயில் அந்தக் கடைசி இரவு எளிதாக இருப்பதில்லை.

இறந்துவிட்டால், முடிந்தால் அன்றே மருத்துவரிடம் கொடுத்துத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை குளிர்ச்சியாக வைத்திருங்கள், உறையவைக்க வேண்டாம், உறைந்த திசுவைப் படிப்பது கடினம். மற்ற இரண்டுக்கும் ஆபத்து உண்டா இல்லையா என்பதை அது ஒன்றுதான் உறுதியாகச் சொல்லும். ஊசி போட்ட உடலை எப்படி அப்புறப்படுத்துவது என்று மருத்துவரையே கேளுங்கள். புதைப்பதானால் நாயோ வேறு விலங்கோ தோண்டி எடுக்க முடியாத ஆழத்தில் புதையுங்கள், அந்த மருந்து தின்னும் விலங்கையும் கொல்லும்.

மகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். ஒன்பது வயதுக் குழந்தை, "சரியாயிடும்" என்ற பொய்யைப் பிறகு மன்னிப்பதில்லை. "தூங்கப் போகிறது" என்றும் சொல்ல வேண்டாம், சில குழந்தைகள் அதற்குப் பிறகு தாங்கள் தூங்கவே பயப்படுவார்கள். "செம்பிக்கு வயிற்றுக்குள்ளே பெரிய நோய். டாக்டர்கிட்டே போறோம். தேறலாம், தேறாமலும் போகலாம். எதுவானாலும் வலிக்காமப் பார்த்துக்கிறது நம்ம வேலை" என்று சொல்லுங்கள். பிறகு அவள் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள். பாட்டில் ஆறிவிட்டதா என்று இரண்டு மணிக்கொரு தடவை தொட்டுப் பார்த்து உங்களிடம் சொல்வது அவள் பொறுப்பு. இரவு அவள் தூங்கிய பிறகு அது உங்கள் பொறுப்பு. இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் நேரத்துக்கு முதல் பாட்டில் ஆறத் தொடங்கியிருக்கும், மாற்றிவிடுங்கள்.